வரிசை இல்லாத கடையின் வரிசை

இவாதோமாரி,
நவம்பர் 28, வியாழக்கிழமை.

ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் இசோபே அவர்களுக்கு மகாபே தெய்ஸோ வணக்கத்துடன் எழுதுவது.

கடல் பக்கம் இடி முழங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நாளில் பனி விழும் என்று துறைமுகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்; தாங்கள் இருக்கும் மலையடிவாரத்தில் குளிர் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். தங்கள் நெஞ்செரிச்சல் தணிந்திருக்கும் என்றும், வீட்டில் அம்மையார் காக்கி என்னும் செம்மஞ்சள் பழங்களை உரித்து, கயிற்றில் கட்டி, இறவாரத்தில் உலரத் தொங்கவிட்டிருப்பார் என்றும் நம்புகிறேன். நானும் நலமே, வலது காது ஒன்றைத் தவிர.

இக்கடிதத்தில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த ஊரில் உள்ள ‘கமொமே’ என்னும் ராமென் நூடுல்ஸ் கடையைப் பற்றி இனி நம் பத்திரிகையில் ஒரு வரியும் வரக் கூடாது. பாராட்டு வேண்டாம், திருத்தம் வேண்டாம், படம் வேண்டாம். வந்தால் டிசம்பர் 31 அன்று கடை மூடப்படும். கடைக்கார அம்மையார் தொகாஷி கினுயோ இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை கையில் வெட்டுக்கத்தி இருந்தது, ஆனால் அவர் அப்போது வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே சரி.

நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். ‘பயணத்தில் ஒரு கிண்ணம்’ என்ற பத்தியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுதும்படி, நான் ஓய்வு பெற்ற பிறகு தாங்கள் கேட்டீர்கள். நாற்பத்தோரு ஆண்டு நிருபராக இருந்தவன் வீட்டில் சும்மா இருந்தால் என் மனைவிக்குத் தொந்தரவு என்று தாங்கள் கருதியது சரியே. அவரும் அப்படியே கருதினார். அதன்படி பாஸெஞ்சர் ரயிலில் ஏறி, பெயர் தெரியாத நிலையத்தில் இறங்கி, எந்தக் கடையின் மேசையில் அன்றைய செய்தித்தாள் எண்ணெய்க் கறையோடு கிடக்கிறதோ அந்தக் கடையில் சாப்பிட்டு எழுதி வந்தேன். அஸஹிகாவாவில் சூப்பின் மேல் பன்றிக்கொழுப்பு ஒரு மூடிபோலப் படிந்திருந்ததால் ஆவியே எழவில்லை. ஆறிவிட்டது என்று நம்பி நாக்கைச் சுட்டுக்கொண்டேன், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. தொகுஷிமாவில் இனிப்பாகச் சமைத்த இறைச்சியின் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, கூடவே ஒரு கிண்ணம் சோறும் வைத்தார்கள். ராமென் அங்கே சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்பது பாதி முடித்த பிறகே எனக்குப் புரிந்தது. கிதகாதாவில் காலை ஏழு மணிக்கே கடை நிரம்பியிருந்தது. வயலிலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நம் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நூடுல்ஸ் அகலமாகவும் சுருளாகவும் இருந்தது, இறந்தவர்களில் இருவர் அவருக்குத் தெரிந்தவர்கள். பதிமூன்று கிண்ணங்கள் இப்படி எழுதினேன், ஒன்றாலும் யாருக்கும் தீங்கு நேரவில்லை.

பதினான்காவது இவாதோமாரி. செப்டம்பர் 24, செவ்வாய், முற்பகல் 11.40க்கு ‘கமொமே’க்குள் நுழைந்தேன். ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே எட்டு நாற்காலி போட்ட கடை. ஆறு நாற்காலியில் தொழிற்சாலை ஆட்கள். மூன்றாவது காலியாக இருந்தது. நான் அதை நோக்கிப் போனதும் ரப்பர் காலணி போட்ட ஒருவர் திரும்பினார். பெயர் ஓதகி, அந்தத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டு வேலை.

“அது கிரேன் ஓட்டுறவன் நாற்காலி. இன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட போயிருக்கான். உக்காருங்க. ஆனா ரொம்ப நேரம் உக்காந்து சூடாக்கிடாதீங்க, அவனுக்குப் பிடிக்காது.”

கிண்ணம் வந்தது. சுட்டுக் காயவைத்த கோலா மீனிலும் கடற்பாசியிலும் எடுத்த சூப். கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீல வளையம் தெரியும் அளவுக்குத் தெளிவு. கையால் பிசைந்து சுருட்டிய நூடுல்ஸ். வான்டன் பொதிகளின் மாவு எவ்வளவு மெல்லியதென்றால், குச்சியால் தூக்கும்போது அது வருகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பாதி முடித்த பிறகே குறிப்பேட்டை இன்னும் வெளியே எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு சம்பவ இடத்தில் எனக்கு இப்படி நேர்வது இதுவே முதல் தடவை. அக்டோபர் 6 இதழுக்கு எழுதியதில் இந்த ஒரு வரியும் இருந்தது: “இங்கே வரிசை கிடையாது.” அது உண்மை. நான் நேரில் பார்த்தது. தங்கள் ஆசிரியர் குழு மேசையில் அந்த வரியை எடுத்துத் தலைப்பாக்கினீர்கள்: ‘வரிசையே இல்லாத கடை’. குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதையே எடுத்திருப்பேன்.

அக்டோபர் 15 அன்று வீட்டுக்குத் தொலைபேசி வந்தது.

“பத்திரிகைக்காரரா? கமொமே கினுயோ பேசுறேன். வரிசை இல்லைன்னு எழுதினீங்களே, ஒரு நடை வந்து பாருங்க. கதவைத் திறந்தா எனக்குக் கடல் தெரிய மாட்டேங்குது, அத்தனை முதுகு.”

போனேன். இருபத்துமூன்று பேர் நின்றார்கள். கினுயோ அம்மையாருக்கு வயது அறுபத்தொன்று. உதவிக்கு ஆள் கிடையாது. வலது மணிக்கட்டில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தார். காலை நான்கு மணிக்கு அடுப்பேற்றி ஒரு நாளைக்கு நாற்பது கிண்ணத்துக்குச் சூப் எடுப்பவர். ஐஸ் தொழிற்சாலையின் மதிய இடைவேளை முப்பத்தைந்து நிமிடம். வரிசையில் நின்றால் கிண்ணத்தைப் பார்ப்பதற்குள் சங்கு ஊதிவிடும். ஆகவே ஓதகியும் மற்றவர்களும் சாலையின் மறுபக்கம் நின்று, வேறு கடையில் வாங்கிய சோற்றுருண்டையைத் தின்றபடி, ஜன்னல் வழியாகத் தங்கள் நாற்காலிகளில் யார் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரர் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பல் வலியும் இருந்தது.

“இந்த ஏழு பேரு சாப்பிடத்தான்யா நான் கடையே வெச்சிருக்கேன்,” என்றார் கினுயோ. “அவங்க வெளிய, ஊரு பேரு தெரியாதவங்க உள்ள. இப்படியே போனா வருஷக் கடைசியில வாசல் திரையை அவுத்துச் சுருட்டி வெச்சுட்டு, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்.”

அச்சிட்ட வரி பொய்யாகிவிட்டால் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிடுவது நம் பத்திரிகையின் விதி. ஆகவே அக்டோபர் 20 இதழில் என் வேண்டுகோள்படி தாங்கள் வெளியிட்டீர்கள்: “இவாதோமாரி ‘கமொமே’யில் வரிசை கிடையாது என்று எழுதியிருந்தோம். வரிசை உண்டு. தவறுக்கு வருந்துகிறோம்.” இதைப் படித்தவர்கள் வர மாட்டார்கள் என்று நானும் தாங்களும் கருதினோம். இரண்டு பேரும் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 26, சனிக்கிழமை, முற்பகல் 11.05க்கு எண்ணினேன்: ஐம்பத்தெட்டு பேர். அவர்களில் பத்துப் பேரிடம் எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தேன். நான்கு பேர் முதல் கட்டுரையைப் படித்தவர்கள். நான்கு பேர் திருத்தத்தைப் படித்தவர்கள். அவர்களில் அகிதாவிலிருந்து கணவரோடு வந்திருந்த ஒரு பெண்மணி சொன்னதை அப்படியே தருகிறேன்: “முதல்ல வரிசை இல்லைன்னு போட்டாங்க, சரி, சாதாரணக் கடைன்னு விட்டுட்டோம். அப்புறம் இருக்குன்னு மன்னிப்புக் கேட்டாங்க. பேப்பரே மன்னிப்புக் கேக்குற அளவுக்கு வரிசைன்னா என்னமோ இருக்குன்னு கிளம்பிட்டோம்.” ஒன்பதாமவர் அந்த வழியாகக் காரில் போனவர், வரிசையைப் பார்த்தார், கடைசியில் போய் நின்றார், எதற்கென்று இன்னும் விசாரிக்கவில்லை. பத்தாமவர் பஸ்ஸுக்காக நிற்பதாகச் சொன்னார்.

“பஸ் நிறுத்தம் அதோ, முன்னாடி இருக்கே,” என்றேன்.

“தெரியும். ஆனா இவ்வளவு பேரைத் தாண்டிப் போய் நின்னா நல்லா இருக்காதே.”

அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டிருந்தது. மூன்றாவதும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது போயிற்று. அதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் கேட்டார்.

அன்று சூப் தீர்ந்து, கடை மூடியதற்கு அடையாளமாக வாசல் திரையை உள்ளே எடுத்த பிறகு கடையில் ஒரு கூட்டம் நடந்தது. கினுயோ, ஓதகி, நான். ஓதகிதான் தொடங்கினார்.

“அக்கா, ஒரே வழிதான் இருக்கு. ‘ருசி போயிடுச்சு’ன்னு போடச் சொல்லுங்க. ஒரே வாரத்துல எல்லாம் காலி.”

“யாரு ருசி போச்சு? என்னோடதா?” அகப்பை மேசையில் விழுந்தது. “இருபத்தொன்பது வருஷமா இங்க தின்ன நாக்குடா உன்னுது. ஐஸ்லயே கிடந்து மரத்துப் போச்சா?”

“நான் சொல்லல அக்கா. இவரு சொல்லுவாரு.”

“உண்மையில்லாததை நான் எழுத முடியாது,” என்றேன்.

“அப்ப உண்மையாக்கிடுவோம். ஒரே ஒரு கிண்ணத்துல உப்பை அள்ளிப் போடுங்க. இவரு சாப்பிடட்டும். சாப்பிட்டதைத்தானே எழுதப் போறாரு?”

இதில் சட்டப்படி குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை. கினுயோவும் யோசித்தார். மீந்திருந்த கடைசிக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். ஒரு பெரிய கரண்டி உப்பை அதன் மேல் பிடித்தார். கை பதினோரு வினாடி அங்கேயே நின்றது. பிறகு உப்பு திரும்பவும் ஜாடிக்குள் போயிற்று.

“முடியல. கை கேக்க மாட்டேங்குது. நீங்க வேற ஏதாவது கெட்டதா எழுதுங்க. ஆனா சூப்பைத் தொடாதீங்க. நூடுல்ஸைத் தொடாதீங்க. வான்டனைத் தொடாதீங்க. இறைச்சியைப் பத்தி வேணும்னா எழுதுங்க... இல்ல, அதையும் தொடாதீங்க.”

“அப்புறம் மிச்சம் என்னக்கா இருக்கு?” என்றார் ஓதகி.

கினுயோ வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுவரோர நாற்காலி ஆடும்.”

உட்கார்ந்து பார்த்தேன். ஆடியது. நவம்பர் 3 பத்தியின் கடைசியில் அதைச் சேர்த்தேன்: “‘கமொமே’யின் சுவரோர நாற்காலி ஆடுகிறது, அமர்வோர் கவனிக்கவும்.” தங்கள் மேசையில் இது எதற்கு என்று கேட்டார்கள், பொதுப் பாதுகாப்பு என்று பதில் சொன்னேன். இப்போது தாங்கள் உண்மையை அறியலாம். அந்த வாரத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அந்த நாற்காலியையே கேட்டார்கள். மற்ற ஏழும் காலியாக இருந்தபோதும் அதற்காகக் காத்திருந்தார்கள். உட்கார்ந்து ஆடி, கூட வந்தவரைப் படம் எடுக்கச் சொன்னார்கள். ஓதகி ஒருநாள் வேலை முடிந்து சுத்தியலோடு வந்து காலைச் சரிசெய்தார். மறுநாள் ஒரு தம்பதி, ஆடவில்லையே, தவறான கடைக்கு வந்துவிட்டோமா என்று கேட்டார்களாம்.

இனி நடந்ததற்குப் பத்திரிகை பொறுப்பல்ல, ஓதகிதான் பொறுப்பு. ஆனால் யோசனை கேட்டபோது நன்றாக இருக்கிறதே என்று நான் சொன்னதையும் பதிவு செய்கிறேன். நவம்பர் 16, சனி. அன்று அவருக்கு விடுமுறை. ஐஸ் பெட்டியின் அட்டை ஒன்றை வெட்டி, கம்பில் ஆணியடித்து, பெரிய எழுத்தில் ‘வரிசை இத்துடன் முடிகிறது’ என்று எழுதினார். நாற்பதாவது ஆளின் கையில் அதைக் கொடுத்து, “இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, இதுக்கு மேல யாரும் வர வேண்டாம், சூப் இவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைப் பக்கம் சிகரெட் பிடிக்கப் போனார். நாற்பதாவது ஆள் சப்போரோவைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக எழுத்தர், நன்றாகத் தலையாட்டினார். நாற்பத்தோராவது ஆள் வந்தார். அட்டையைப் பார்த்தார். கண்காட்சியிலும் கச்சேரியிலும் விளையாட்டு அரங்கிலும் நாம் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்: வரிசையின் வால் இதுதான் என்று புரிந்துகொண்டு, பின்னால் நின்று, “இப்ப நான்தான் கடைசி, கொடுங்க,” என்று இரண்டு கையாலும் அட்டையை வாங்கிக்கொண்டார். எழுத்தரும் அதையே எதிர்பார்த்திருந்தவர்போலக் குனிந்து கொடுத்தார். நாற்பத்திரண்டாமவர் அவரிடமிருந்து வாங்கினார். அட்டை பெயர்ப்பலகைக் கடையைக் கடந்தது, மீன்வலைக் கிடங்கைக் கடந்தது, தபால் நிலையத்தில் வலது பக்கம் திரும்பியது. ஓதகி சிகரெட்டை முடித்துவிட்டு வந்தபோது அது கண்ணுக்கே தெரியவில்லை.

“ஐயா, என் அட்டை எங்க?” என்று என்னைக் கேட்டார்.

“தபால் நிலையத்துக்கு அப்பால்.”

“யாரு கொண்டு போனது?”

“எல்லோரும்.”

ஓடிப்போய்ப் பார்த்தார். தொண்ணூற்றுநான்காவது ஆளின் கையில் இருந்தது. பிடுங்கப் பார்த்திருக்கிறார். அந்த அம்மாள் மிகவும் மரியாதையாக, “நீங்க எனக்குப் பின்னால நின்னா கொடுக்கிறேன்,” என்று சொல்லியிருக்கிறார். ஓதகி நின்றார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றவில்லை. இருபத்தொன்பது ஆண்டாகச் சாப்பிடும் கடைக்கு அவர் தொண்ணூற்றைந்தாவது ஆளாக நாற்பது நிமிடம் நின்றார். அவருக்குப் பின்னால் ஆள் வந்தபோது அட்டையைக் கொடுத்தும் விட்டார். “கேட்டாங்க, கொடுக்காம எப்படி?” என்றார் என்னிடம்.

அன்று மாலை கினுயோ நாற்காலியை எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர் நாட்காட்டியில் டிசம்பர் 31ஐச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். மணிக்கட்டுப் பட்டையை மாற்றிக்கொண்டு அடுப்பைத் துடைத்தார்.

ஆகவே, இசோபே அவர்களே, தலைப்பு, திருத்தம், எச்சரிக்கை எல்லாம் முயன்றாகிவிட்டது. உண்மையை எந்தப் பக்கம் திருப்பி எழுதினாலும் ஆள் வருகிறது. பாலம் இடிந்ததையும் மூன்று நகரத்தலைவர்கள் பதவி விலகியதையும் எழுதியிருக்கிறேன், ஒருவரும் பார்க்க வந்ததில்லை. இந்தக் கடைக்கு மிச்சம் இருக்கும் மருந்து மௌனம் மட்டும்தான். வாசகர் கடிதம் வந்தால் வெளியிடாமல் எடுத்து வைத்துவிடுங்கள். வசந்தத்தில் பத்தியைத் தொகுத்துச் சிறு நூலாக்கும்போது பதினான்காவது கிண்ணத்தை விட்டுவிட்டு, பதிமூன்றிலிருந்து பதினைந்துக்குப் போய்விடுங்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கு அச்சுப் பிழை என்று சொல்லலாம். பொய் சொல்லும்படி நான் கேட்பது இதுவே முதல் தடவை, கடைசியும்கூட.

பனிக்காலம் தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் சளியும் வழுக்கலும் இன்றிக் கழியட்டும். மேசையில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாகத் தலைப்பு வைப்பவருக்கும், என் அன்பைத் தெரிவியுங்கள். தலை தாழ்த்தி முடிக்கிறேன்.

தங்கள்,
மகாபே தெய்ஸோ

பின்குறிப்பு: நவம்பர் 29, வெள்ளி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காக நேற்று மாலை வந்து தங்கிய விடுதியிலிருந்து கிளம்பி, வழியில் ‘கமொமே’ பக்கம் போனேன். நேரம் 11.50. வாசலில் யாரும் இல்லை. தவறான தெருவோ என்று பார்த்தேன், இல்லை. கினுயோ அம்மையார் மேலங்கியோடு வெளியே நின்று ரயில் நிலையம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊர் தள்ளி ஒரு கடையில் கிண்ணத்துக்கு ஒரு முழு நண்டு வைப்பதைச் சென்ற ஞாயிறு தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்களாம். திங்கள் முதல் இங்கே வருபவர்கள் இல்லை.

வாழ்த்துச் சொன்னேன். “ம்,” என்றார்.

உள்ளே ஓதகியும் கிரேன்காரரும் மட்டும் இருந்தார்கள். மற்ற ஐந்து பேருக்கும் இந்த இரண்டு மாதத்தில் வீட்டில் உள்ளவர்கள் சாப்பாடு கட்டிக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். இப்போது வேண்டாமென்று மனைவியிடம் சொல்ல ஐந்து பேருக்கும் தைரியம் வரவில்லை.

“நேத்து பதினெட்டு கிண்ணத்துச் சூப்பைக் கொட்டினேன்,” என்றார் கினுயோ. “அத்தனை கோலா மீனு.” பிறகு என்னைப் பார்க்காமல், “பத்திரிகைக்காரரே, உங்க பேப்பர் இந்த வாரமும் வருதுல்ல?” என்று கேட்டார்.

வருகிறது என்றேன்.

“சும்மாதான் கேட்டேன். ஒரு ஆறு பேரு... அந்த மாதிரி வந்தாப் போதும். வெளிய நின்னு ஜன்னல்ல எட்டிப் பார்த்தா உள்ள இருக்கிறவங்களும் கொஞ்சம் ருசிச்சுச் சாப்பிடுவாங்க. ஆறு பேரு. ஏழு வேண்டாம்.”

“அக்காவுக்கு வேற வேலை இல்ல,” என்றார் உள்ளிருந்து ஓதகி. சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, “எட்டுக்கூடத் தாங்கும்,” என்றார்.

டிசம்பர் 31ஐச் சுற்றிய சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய வேண்டுகோளைத் தாங்கள் படிக்காததாகவே கொள்ள வேண்டுகிறேன். இரண்டு லட்சம் பேருக்கு எழுதியே பழகியவன், ஆறு பேருக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடையைப் பற்றி மூன்று வரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகம் என்று பட்டால் நடு வரியை எடுத்துவிடுங்கள்.